எல்லாருக்கும் வெள்ளை

— வெள்ளைதான வந்திருக்குது, அப்பறம் எதுக்குப் பாப்பா இப்படி வெளுத்துப் போயி உக்காந்திருக்கற? எங்கப்பா போன்ல மூணு தடவ பூக் கேட்டிருக்கறாரு, மூணு தடவையும் வெள்ளைப் பூ. கீழ 'சரி சாமி'ன்னு வேற அடிச்சிருக்கறாரு. ஆத்தா உத்தரவு குடுத்துட்டா. எங்கியாச்சும் டீக்கடைல உக்காந்து நாயம் பேசிட்டிருப்பாரு. நீ பெல்ட்டப் போடு.

— தமிழண்ணா, ஒரு நிமிசம் வண்டிய எடுக்காதீங்க. ஒண்ணு சொல்லோணும்.

— எடுத்துட்டே கேக்கறேன். மத்தியானத்துக்குள்ள சேலத்து ஆஸ்பத்திரில கொண்டுபோயிச் சேத்தலைன்னா பெட்ட வேற ஆளுக்குக் குடுத்துருவாங்களாமா. நாளைக்குக் காலைல நெஞ்சுல ஆபரேசன வெச்சுக்கிட்டு மனுசன் போன ஆப் பண்ணிப் போட்டு எங்கியோ கெளம்பிட்டாரு. மொதல்ல சங்ககிரி லாரிப் பேட்டையப் பாக்கலாம். அவரு வயசுச் சோட்டுக்காரங்க பூராப் பேரும் அங்கதான் கெடப்பாங்க.

— அந்த வெள்ளை ஆத்தா குடுத்ததில்லீங்ணா.

— பின்ன?

— நான் குடுத்தது.

— என்ன புள்ள ஒளறற?

— பூசாரில சேப்புப் பூவே இல்லீங்ணா. ஆரு கேட்டாலும், என்ன கேட்டாலும், வெள்ளைதான் வரும்.

— மிசினு ரிப்பேரா?

— ரிப்பேரில்லீங்க. நாந்தான் சேப்ப எடுத்துப்போட்டேன்.

— இரு. ஓரங்கட்டறேன். பின்னால டேங்கர்க்காரன் வேற ஆரன்ல ஏறி உக்காந்திருக்கறான். போடா போ... ம். இப்பச் சொல்லு. எனக்குப் புரியறாப்புலச் சொல்லு. நம்ம பங்காளிங்க சாட் பண்றதுக்குன்னு ஒரு சர்வரு வெச்சிருக்கறோம். அதுல பூசாரின்னு பேரு வெச்சு தானாப் பதில் சொல்ற பாட் ஒண்ணு உட்டிருக்கற. அமாவாசப் பூச என்னைக்குன்னு கேட்டாச் சொல்லுது. ஒடிசால டீசல் என்ன வெலைன்னு கேட்டாச் சொல்லுது. ஆச்சரியக்குறி போட்டு 'பூ'ன்னு அடிச்சா வெள்ளையோ சேப்போ ஒண்ண எடுத்துக் காட்டுது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

— அதெல்லாமே நான் எழுதி வெச்சதுதானுங்ணா. அதுக்குக் கமாண்டுன்னு பேரு. இன்ன வார்த்தைய அடிச்சா இன்ன பதிலச் சொல்லுன்னு ஒரு கட்டத்துல எழுதி சேவ் பண்ணிட்டாப் போதும். பூவுக்கு மட்டும் ரெண்டு பதில் எழுதி, ரெண்டுல எதையாச்சும் கண்ண மூடிட்டு ஒண்ண எடுன்னு வெச்சிருந்தேன். கரட்டு மலை மேல ஆத்தா கோயில்ல வெள்ளரளி ஒரு பொட்டணம், செவ்வரளி ஒரு பொட்டணம் மடிச்சுப் போட்டு ஒண்ண எடுக்கச் சொல்றமல்லங்க, அதேதான். வெள்ளைன்னா செய்யி, சேப்புன்னா உட்டுரு.

— அதத்தான் நாங் கேட்டேன். போர் போடற ரிக்கு வண்டில இருக்கற பசங்க ராய்ப்பூர்லயும் சம்பல்பூர்லயும் உக்காந்துக்கிட்டு, 'அண்ணா, கரட்டுக்குப் போயி எனக்கொருக்காப் பூப்போட்டுப் பாருங்க'ன்னு உசுர எடுக்கறானுங்கன்னுதான் உன்னையக் கேட்டேன். கண்ண மூடிட்டு எடுக்கறதுன்னா அதுக்குள்ள ஆத்தா வராம ஆரு வருவான்னு சொல்லித்தான் பெரியவங்களையும் சம்மதிக்க வெச்சேன். நீ இப்ப ஒரு பொட்டணந்தான் இருக்குதுங்கற.

— ஆமாங்ணா.

— எப்பருந்து?

— பொன்னாத்தா அக்கா மயக்கம் போட்டு உழுந்துதல்லங்க, அன்னைக்கிருந்து.

— அவ எதுக்கு உழுந்தா? நெறமாசம்னால்ல உழுந்தா?

— இல்லீங்ணா. அது பூக் கேட்டுச்சு. கொழந்த நல்லபடியாப் பொறக்குமான்னு கேட்டிருக்கும்போல. சின்னராஜ் மாமா ரிக்குல ராய்ப்பூர்ல இருக்கறாரு, ஊட்டுல ஒண்டியா உக்காந்துட்டு போன்ல பூக் கேட்டிருக்குது. சேப்பு வந்துருச்சு. ரெண்டு நாளாச் சோறு உங்கல. எங்கிட்டத்தான் வந்து அழுதுச்சு. நான் எழுதுன ரெண்டு வரிங்ணா அது. அதுக்கு ஒரு பொம்பள சோறு உங்காமக் கெடக்கறான்னா எனக்குத் தாங்கல. அன்னைக்கே உள்ள போயி சேப்ப அழிச்சுட்டேன். மறுக்காக் கேளுக்கான்னு நானே சொன்னேன். கேட்டுச்சு. வெள்ளை வந்துச்சு. சுகப் பிரசவந்தான் ஆச்சு.

— அப்பறம் திருப்பிப் போட வேண்டீதுதான?

— போடலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள எல்லாரும் 'ஆத்தா கண்ணத் தொறந்துட்டா, நம்ம கூட்டத்துக்கு நல்ல காலம்'னு பேச ஆரம்பிச்சுட்டாங்க. திரும்ப சேப்பு வந்தா ஆருக்கு வரும், அவங்க என்ன பண்ணிக்குவாங்கன்னு நெனச்சா கை வரலீங்ணா.

— அடப் பாவி. நான் பூக் கேட்டுத்தானே ரிக்கு வண்டிய ஒடிசாவுக்கு ஏத்துனேன். அங்க காட்டுக்குள்ள சேத்துல அச்சு முட்டும் பொதஞ்சு கெடக்குது. ஆத்தா உத்தரவு, எப்படியும் வெளிய வந்துரும்னு பசங்களுக்குத் தெகிரியம் சொல்லிட்டிருக்கறேன். ஆத்தாளும் இல்ல கீத்தாளும் இல்ல, எந்தங்கச்சிதான் உத்தரவு போட்டிருக்கறா.

— திட்டுங்க. எவ்வளவு வேணாலும் திட்டுங்க. ஆனா பெரியப்பா என்ன கேட்டாருன்னு மொதல்ல ரோசன பண்ணுங்ணா.

— என்ன கேட்டிருப்பாரு... ஆபரேசனத்தான் கேட்டிருப்பாரு. பண்ணிக்கட்டுமான்னு கேட்டிருப்பாரு. வெள்ளை வந்துருச்சு. அப்ப நல்லதுதான?

— பண்ணிக்கட்டுமான்னு கேட்டு வெள்ளை வந்திருந்தா, இந்நேரத்துக்கு ஊட்டுல இந்தக் கார்ல ஏறி உக்காந்திருக்கோணுமல்லங்க. எதுக்குப் போன ஆப் பண்ணோணும்? எதுக்குப் பெரியம்மாகிட்டக்கூடச் சொல்லாமப் போகோணும்?

— அப்ப வேற என்ன கேட்டிருப்பாரு?

— பண்ணாமயே இருந்துக்கட்டுமான்னு கேட்டிருந்தாருன்னாங்ணா?

— வாயக் கழுவு.

— கேட்டிருந்தாருன்னா, இருந்துக்கன்னு சொல்லியிருக்குது. மூணு தடவ சொல்லியிருக்குது.

— அதுல பாக்க முடியாதா? நீதான எழுதுன? அவரு என்ன கேட்டாருன்னு உள்ள இருக்காதா?

— இருக்காதுங்ணா. கேள்விய வாயில சொல்லக்கூடாது, மனசுல நெனச்சுக்கோணுங்கறது நம்ம கோயில் முற. சர்வருலயும் அப்படியே வெச்சோம். வெறுமனே பூன்னு அடிக்கறதுதான். மூணு பூவு இருக்குது, கேள்வி ஒண்ணுகூட இல்ல.

— எதுக்கு மூணு தடவ? கரட்டுல ஒருக்காத்தான கேக்கறது. மறுக்காக் கேட்டா ஆத்தாள நம்பலைன்னுல்ல ஆயிரும். அவரே எனக்கு அதச் சொல்லித் தந்தாரு.

— ஒரே கேள்வியா, மூணு கேள்வியான்னும் தெரியலீங்ணா.

— செரி. செரி, கம்முனு இரு. வண்டிய எடுக்கறேன். ரோசன பண்ணிட்டே போலாம்... நீ ஒண்ணு பண்ணு. போன எடு. இப்பவே உள்ள போயி மாத்து. வெள்ளைய அழிச்சுப் போட்டு சேப்ப மட்டும் வை. போன ஆன் பண்ணி மறுக்காக் கேட்டாருன்னா சேப்பு வரட்டும். அய்யய்யோன்னு திரும்பி ஊட்டுக்கு வந்துருவாரு.

— தெறந்துதான் வெச்சிருக்கறேன். நீங்க ஊட்டுக்கு வந்து சொன்னதுலிருந்து இதத் தெறந்து வெச்சுட்டுத்தான் உக்காந்திருக்கறேன். சேப்பு வெச்சு, பெரியப்பா இந்தத் தடவ பண்ணிக்கட்டுமான்னு கேட்டாருன்னா?

— ...அட ஆமா.

— வெள்ளைய உட்டாலும் பயமா இருக்குது, சேப்ப வெச்சாலும் பயமா இருக்குது. ரெண்டையும் வெச்சா எது வரும்னு தெரியாது, அது அதுக்கு மேல பயமா இருக்குது. கேள்வி தெரியாமப் பதில் எழுத ஒக்காந்திருக்கறேன்.

— எனக்கு மட்டும் பயமில்லாமயா இருக்குது. அந்த டாக்டரு சொன்னத நான் அப்பாகிட்ட முழுசாச் சொல்லல பாப்பா. மூணு ரத்தக் கொழாயும் அடச்சிருக்குது, ஊட்டு மாடிப்படிகூட ஏறப்புடாது, ஆபரேசன் பண்ணா நூத்துக்குத் தொண்ணூறு நல்லா வந்துருவாரு, பண்ணலைன்னா நான் ஒண்ணும் சொல்றதுக்கில்லைன்னுட்டாரு. நான் அப்பாகிட்ட, சின்ன அடப்புதானுங்ப்பா, லேசாக் கீறி எடுத்துருவாங்கன்னு சொல்லி வெச்சிருக்கறேன். பயந்துக்குவாருன்னு.

— நீங்களும் வெள்ளைதான் காட்டியிருக்கறீங்க.

— ...ம். குடும்பமே அப்படித்தான் போல. இந்தா, பேட்ட வந்துருச்சு. நீ எறங்காத, நான் போயிக் கேட்டுட்டு வாரேன்.

— சீக்கிரம் வாங்ணா. எனக்கு ஒண்டியா உக்காந்திருக்க முடியல.

— ...கதவத் தெற பாப்பா. இல்ல. ஆருமே பாக்கலைங்கறாங்க. கண்ணுசாமி அண்ணன் பட்டறைலயும் இல்ல. நேத்து அந்திக்கு வந்தாராமா. எல்லாருகிட்டயும் ஒரே கேள்விதான் கேட்டாராமா.

— என்ன கேட்டாரு?

— 'உனக்குப் பூசாரில என்ன பூ வந்துது?'ன்னு கேட்டாராமா. ஒவ்வொருத்தன்கிட்டயும் போயிப் போயிக் கேட்டிருக்கறாரு. எல்லாரும் வெள்ளை வெள்ளைன்னிருக்காங்க. அதக் கேட்டுட்டுத் தலைய ஆட்டிட்டே போயிட்டாராமா. ஆளு ஒரு மாதிரித்தான் இருந்தாருப்பாங்கறாரு கண்ணுசாமி அண்ணன்.

— எதுக்குங்ணா அதக் கேட்டாரு?

— எனக்கென்ன தெரியும்? இரு, அம்மா கூப்பிடறா. நீ எடுத்துப் பேசு. என்ர கொரலக் கேட்டாளே கண்டுபிடிச்சுருவா.

— பெரியம்மா, நாந்தானுங்க, தனப்பிரியா... இல்லீங், இன்னும் பாக்கலீங்க. பேட்டைல பாத்துட்டு... என்னங்? எந்தச் செடியில?... ரெண்டுலயுமா?... பையி ஊட்டுலயேதான் இருக்குதுங்களா. மாத்திர?... அதையும் எடுக்கலீங்களா. நீங்க அழுவாதீங்க பெரியம்மா. வந்தர்றோம். கூட்டிட்டுத்தான் வருவோம்... செரிங். வெச்சர்றேனுங்.

— என்ன சொல்றா?

— வாசல்ல அரளிச் செடி...

— அரளியா? அரளின்னாளா? காயப் பறிச்சாரா? பாப்பா, நெசத்தச் சொல்லு, வெதையப் பறிச்சுட்டுப் போயிட்டாரா மனுசன்?

— அண்ணா, ரோட்டப் பாருங்க. ரோட்டப் பாத்து ஓட்டுங்க. பூவுங்ணா. பூவத்தான் பறிச்சிருக்கறாரு. வெள்ளையிலயும் ஒரு கொத்து, சேப்புலயும் ஒரு கொத்து. காம்பு ஒடிஞ்ச தடம் இருக்குதுங்கறாங்க பெரியம்மா. சாகறதுக்குப் போறவரு எதுக்குங்ணா ரெண்டு நெறத்துல பறிக்கறாரு? பூப்போட்டுப் பாக்கப் போயிருக்கறாரு.

— கரட்டுக்கா.

— வேற எங்கீங்க.

— மாடிப்படியே ஏறக்கூடாதுன்னிருக்குது. கரட்டு உச்சி முட்டும் ஏறியிருக்கறாரா. மாத்திரகூட இல்லாம. ஆத்தா... நீ கெட்டியாப் புடிச்சுக்க. அந்தக் கல் குவாரி பக்கத்து மண் ரோட்டுல உடறேன், அது குறுக்கு.

— மெதுவா. மெதுவாப் போங்க. நாமளும் உழுந்துட்டா அவரக் கூட்டியார ஆளு இருக்காது.

— நீ பேசாத. உன்ர பேச்சே எனக்கு வேண்டாம்... இல்ல, பேசு. பேசிட்டே வா. கம்முனு இருந்தீன்னா எனக்கு எதெதுவோ நெனப்பு வருது.

— சின்ன வயசுல கோயில் நோம்பிக்கு என்னையத் தோள்ல தூக்கிட்டு இந்தக் கரட்டுல ஏறுனாருங்ணா. உச்சிக்குப் போற முட்டும் எறக்கி உடல. இப்ப நான் போன்லயே எல்லாத்துக்கும் ஆத்தாளக் கூட்டியாந்துட்டேன்னு என்னயத் தூக்கி வெச்சுப் பேசுவாரு. 'எம் மகளாட்ட மகளு, சாமியவே சட்டப் பையில வெச்சுக் குடுத்துட்டா'ன்னு ஊரெல்லாம் சொன்னாரு. அவரு என்னைய நம்புனாருங்ணா. அதுதான் எனக்கு...

— அழுவாத. வந்துட்டோம். எறங்கு.

— அண்ணா, அந்தா.

— என்ன?

— படிக்கிட்ட. செருப்பு.

— எங்கப்பாதுதான். ரெண்டையும் சேத்து ஓரமாக் கழட்டி வெச்சிருக்கறாரு பாரு. சாமி எடத்துக்குச் செருப்போட ஏற மாட்டாரு. ஏறு. கத்திக் கூப்பிடாத. எங்கியாச்சும் நடுப்படில உக்காந்திருந்தாருன்னா திடுக்குன்னு ஆயிரும்.

— வளைவுல பாத்துட்டேன். ஆருமில்ல.

— ஏறு ஏறு.

— இங்கயும் இல்லீங்ணா. தண்ணித் தொட்டிக்கிட்டயும் இல்ல.

— மூச்சு வாங்குது எனக்கே. இந்த வெயில்ல எப்படித்தான் ஏறுனாரோ. நெஞ்சப் புடிச்சுட்டு எத்தன எடத்துல உக்காந்தாரோ. நான் ஒருத்தன் பக்கத்து ரூம்புல போர்த்துட்டுத் தூங்கிட்டு...

— அண்ணா.

— ம்?

— மேல, வேப்பமரத்துக்குக் கீழ. வேட்டி தெரியுது.

— உக்காந்திருக்கறாரா, படுத்திருக்கறாரா?

— படுத்திருக்கறாருங்ணா.

— அசையறாரா?

— தெரியல. காத்துல வேட்டி ஆடுது. ஆளு அசையறாப்புலத் தெரியல. எனக்குக் கிட்டப் போகப் பயமா இருக்குது.

— நீ இங்கயே நில்லு. நான் போறேன்... அப்பா. அப்பா... எங்கப்பனே, கண்ணத் தெறந்து பாருங்ப்பா... அப்போவ்.

— ஏண்டா காதுக்குள்ள வந்து கத்தற. செத்த கண்ணசர உட மாட்டயா.

— அப்பா.

— மேல வந்து உழுவாதடா. எந்திரிச்சு உக்கார உடு. மேல ஏறி வந்ததுல செத்த மாருல பாரமா இருந்துச்சு, அதுதான் தலையச் சாச்சேன். ஆரு அது, படியில நிக்கறது? தனமா? வாஞ் சாமி. ஏஞ் சாமி மூஞ்சி இப்படிக் கெடக்குது?

— பெரியப்பா, நான் ஒண்ணு சொல்லோணுங்க.

— மொதல்ல தண்ணி குடி. அந்தச் சொம்புல இருக்குது. டேய், நீயும் குடி. ரெண்டு பேரும் சாவு ஊட்டுக்கு வந்தவங்களாட்ட நிக்கறீங்க.

— அப்பா, கார் கீழ நிக்குது. நான் தோள்ல தூக்கிட்டு எறங்கறேன். இப்பப் பொறப்பட்டாக்கூட மத்தியானத்துக்குள்ள சேலம் போயிரலாம்.

— இரு. புள்ள என்னமோ சொல்லோணுங்குது.

— பூசாரில சேப்பு இல்லீங்க பெரியப்பா. நாந்தான் எடுத்துட்டேன். ரொம்ப நாளா வெள்ளை மட்டுந்தான் இருக்குது. நீங்க என்ன கேட்டிருந்தாலும் அதுதான் வந்திருக்கும். அத ஆத்தா சொன்னதா எடுத்துக்காதீங்க. உங்க கால்ல உழுகறேன்.

— தெரியுஞ் சாமி.

— எப்படிங்?

— அதுகிட்டயே கேட்டேன், அதுவே சொல்லிருச்சு. ஏன் ரெண்டு பேரும் இப்படி முழிக்கறீங்க? மொதத் தடவ, ஆபரேசன் பண்ணிக்கட்டுமா ஆத்தான்னு கேட்டேன். வெள்ளை. எனக்கு அப்படியே உசுரு வந்துச்சு. ஊரு ஊராப் போயி மண்ணத் தொளை போட்டவன் நான். என்ர நெஞ்சத் தொளை போடறான்னதும் ராத்திரியெல்லாம் ஒறக்கமில்ல. இவன் சின்ன அடப்புங்கறான், இவங்கம்மா ஊட்டுக்குப் பின்னால பொடக்காலிக்குப் போயி அழுவறா. நெசத்தச் சொல்ல ஆத்தா ஒருத்திதான்னு அவளக் கேட்டேன். அவளே செய்யின்னுட்டா. பையிய எடுத்துட்டு வாசல் முட்டும் வந்துட்டேன்.

— அப்பறம் ஏனுங்ப்பா...

— வாசல்ல நின்னப்ப, இதக் கேக்கலாமா வேண்டாமான்னு நேத்துப் பேட்டைல விசாரிச்சது நெனப்பு வந்துச்சு. அத்தன பேருக்கும் வெள்ளை. கண்ணுசாமிக்கும் வெள்ளை, அவங்கூடச் சண்ட போட்டுக் கோர்ட்டுக்குப் போனவனுக்கும் வெள்ளை. ரெண்டு பேருக்கும் எப்படிடா ஆத்தா ஒரே நாயத்தச் சொல்லுவா? நின்னமேனிக்கே மறுக்கா அடிச்சேன். ஆபரேசன் வேண்டாமா ஆத்தான்னு மாத்திக் கேட்டேன். அதுக்கும் வெள்ளை. மூணாவதா, அம்மா, இந்தப் பூவே பொய்யான்னு கேட்டேன்.

— வெள்ளை.

— வெள்ளை. ஆமாங்குது. அதுவரைக்கும் சொன்னதுல அது ஒண்ணுதான் நெசம். சரி சாமின்னு அடிச்சுப் போட்டு போன அணச்சுட்டேன். செடியில ரெண்டு கொத்துப் பறிச்சுட்டுக் கோழி கூப்பிட நடந்துட்டேன்.

— இங்க வந்து கேட்டீங்களாங் பெரியப்பா?

— பண்ணிக்கட்டுமான்னுதான் கேட்டேன். பூச பண்ற பண்டாரம் இன்னைக்கு வரல. பொட்டணத்த நானே மடிச்சுக் குலுக்கிப் போட்டேன். ஆடு மேய்க்கற ஆராயி அந்தப் பக்கமா வந்தா. ஒண்ண எடுத்துக் குடும்மான்னேன்.

— அப்பா. என்ன வந்துச்சு?

— ஆத்தா காலடில இருக்குது. நீயே பாத்துக்க.

— பாப்பா, நீ போயிப் பாரு. நான் அப்பாவப் புடிச்சுக்கறேன்.

— பொட்டணம் பிரிச்சுக் கெடக்குதுங்ணா.

— என்ன பூ பாப்பா? சொல்லு.

— சேப்புங்ணா.

— அது... அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்ப்பா. அந்தம்மா தெரியாம எடுத்திருக்கும். மறுக்கா மடிச்சுப் போடலாம்.

— மறுக்காக் கேக்கற வழக்கம் நம்ம கோயில்ல இல்ல. உனக்குச் சொல்லித் தந்ததே நாந்தான்.

— நெசத்தச் சொல்லீர்றேன், கேட்டுக்குங்க. சின்ன அடப்பில்ல. மூணு கொழாயும் அடச்சிருக்குது. பண்ணிக்கிட்டா நல்லா வந்துருவீங்க. பண்ணலைன்னா டாக்டரு எதுவும் சொல்ல மாட்டேங்கறாரு. உங்களுக்குப் புரியுதா? நான் பொய் சொன்னேன், அது என்ர தப்பு. அதுக்காவ நீங்க...

— புரியுது. இப்பச் சொல்ற நெசத்த போன வாரம் சொல்லியிருந்தீன்னா நான் பூவக் கேட்டே இருக்க மாட்டேன். ஆத்தா வேண்டாம்னு கையக் காட்டுனதுக்கப்பறம் நான் எந்த நெஞ்சோட அந்த மேசைல போயிப் படுக்கறது? மயக்க ஊசி போடற முட்டும் இந்தச் சேப்புத்தான் கண்ணுல நிக்கும்.

— பெரியப்பா, நான் கெட்டது நெனச்சுப் பண்ணலீங்க. பொன்னாத்தா அக்கா அழுதுச்சுங்க. ஆரும் அழுவக்கூடாதுன்னுதான் சேப்ப எடுத்தேன். எல்லாருக்கும் நல்லதே வரட்டும்னுதானுங்க...

— தெரியுஞ் சாமி. நல்ல மனசுலதான் பண்ணியிருக்கற, உம்மேல எனக்கொண்ணும் வருத்தமில்ல. கிட்ட வந்து உக்காரு. ஆனா ஒண்ணு. ஒரே ஒருத்தருக்காச்சும் சேப்பக் காட்டியிருந்தீன்னா, எனக்கு வந்த மொத வெள்ளைக்கே நான் ஆஸ்பத்திரி போயிச் சேந்திருப்பேன்.